டீச்சர்’ஸ் டேயா, டீச்சர்ஸ்’ டேயா? ஆங்கில அப்போஸ்ட்ரபி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் காலையில் ஓர் அச்சகத்தில் ஆங்கிலப் புரூஃப் பார்க்கிறேன். பின்னேரம் வீட்டில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறேன். இரண்டு இடத்திலும் என் சிவப்புப் பேனா அதிகம் தொடுவது ஒரே குறியைத்தான்: எழுத்தின் தோளருகே காற்புள்ளி போலத் தொங்கும் அப்போஸ்ட்ரபி. பிள்ளைகளும் தாய்மாரும் பதாகை அடிக்க வருபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

வாசிக்க ஒரு வசதி: ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். “கேர்ள்’ஸ்” என்றால் குறி கடைசி எஸ்ஸுக்கு முன்னால் நிற்கிறது. “கேர்ள்ஸ்’” என்றால் எஸ்ஸுக்குப் பின்னால். “கேர்ள்ஸ்” என்றால் குறியே இல்லை.

டீச்சர், இந்தக் குறிக்கு வேலைதான் என்ன?

இரண்டு வேலை. ஒரு சொல்லில் எழுத்து விழுந்த இடத்தைக் காட்டுவது ஒன்று: “டூ நொட்” சுருங்கி “டோன்’ட்” ஆகும்போது, “நொட்”டில் இருந்த ஓ விழுந்த இடத்தில் குறி நிற்கிறது. தமிழில் “இன்” என்றோ “உடைய” என்றோ வரும் ஆறாம் வேற்றுமையைக் காட்டுவது மற்றது: “மதர்’ஸ் சாரி”, அம்மாவின் சாரி.

இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சைப் பார்த்து ஆங்கிலம் இந்தக் குறியை எடுத்துக்கொண்டபோது, விழுந்த எழுத்தைக் காட்டத்தான் எடுத்தது. பழைய ஆங்கிலத்தில் பல பெயர்ச்சொற்களுக்கு ஆறாம் வேற்றுமை உருபு ஈ, எஸ் என்ற இரண்டு எழுத்துகள். நாளடைவில் ஈ என்ற எழுத்து உச்சரிப்பில் தேய்ந்துபோனது. இன்று “கிங்’ஸ்” என்று எழுதும்போது அந்தத் தேய்ந்த எழுத்தின் இடத்தில்தான் குறி இருக்கிறது. இதைச் சொன்ன பிறகு பல பிள்ளைகளுக்கு இந்தக் குறி மேல் இருந்த வெறுப்பு குறைவதைப் பார்த்திருக்கிறேன். காரணம் தெரிந்தால் மனம் ஏற்றுக்கொள்கிறது.

சொல்லின் கடைசியில் எஸ் வந்தாலே குறி போட வேண்டுமா?

வேண்டாம். வரும் பிழைகளில் பாதி இந்த எண்ணத்தால்தான் வருகின்றன.

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் போகும்போது சன்னல் பக்கம் இடம் கிடைத்தால், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று பாண்டிருப்பு வரை பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போவேன். “சாரி’ஸ்”, “டிவி’ஸ்”, “கேக்’ஸ்”. எல்லாம் பன்மை. சாரிகள், டிவிகள், கேக்குகள். எதற்கும் குறி தேவையில்லை. இங்கிலாந்திலும் இதே பிழை மரக்கறிக் கடைகளின் விலைப் பலகைகளில் மலிந்து கிடந்ததால், அதற்கு “மரக்கறிக் கடைக்காரரின் அப்போஸ்ட்ரபி” என்றே அங்கே பெயர் விழுந்துவிட்டது. எனவே இது நமக்கு மட்டும் உரிய குறைபாடு இல்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களுக்கும் தடுமாறும் இடம்தான்.

ஏன் தடுமாற்றம் என்று பாருங்கள். தமிழில் “ஆசிரியர்கள்” ஒரு சொல், “ஆசிரியரின்” வேறு சொல், “ஆசிரியர்களின்” இன்னொரு சொல். “கள்” பன்மைக்கு, “இன்” உடைமைக்கு. நமக்குக் காதே பிரித்துக் கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் இந்த மூன்றும் ஒரே ஒலி: டீச்சர்ஸ், டீச்சர்’ஸ், டீச்சர்ஸ்’. வாய்விட்டுச் சொன்னால் வித்தியாசமே கேட்காது. காதுக்குக் கேட்காத அந்த வித்தியாசத்தைக் கண்ணுக்குக் காட்டத்தான் குறி இருக்கிறது.

அதனால் என் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது: எழுதப் போகும் சொல்லைத் தமிழில் சொல்லிப் பார். “கள்” மட்டும் வந்தால் குறியைத் தொடாதே. “இன்” வந்தால் குறி வரும். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துக் காட்டாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா? எப்படித் தெரிந்துகொள்வது?

உரியவர் யார் என்ற சொல்லை முதலில் முழுதாக எழுதுங்கள். அது முடிந்த இடத்தில் குறியைப் போடுங்கள். அந்தச் சொல் பன்மை எஸ்ஸில் முடிந்திருந்தால் அத்தோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் ஓர் எஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். மாணவி ஒருத்தி என்றால் “கேர்ள்”, குறி, எஸ்: “கேர்ள்’ஸ் பேக்”. மாணவிகள் பலர் என்றால் “கேர்ள்ஸ்”, குறி, முடிந்தது: “கேர்ள்ஸ்’ ஹொஸ்டல்”.

நமது நகரத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. புனித சிசிலியா பெண்கள் கல்லூரியின் ஆங்கிலப் பெயரில் இரண்டு குறிகள்: “செயின்ட் சிசிலியா’ஸ் கேர்ள்ஸ்’ கொலிஜ்”. சிசிலியா ஒருவர், எஸ்ஸுக்கு முன்னால். பெண்கள் பலர், எஸ்ஸுக்குப் பின்னால். ஒரே பெயரில் இரண்டு விதியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. அந்தப் பெயரை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி இனி எழாது.

அப்புறம் அந்த டீச்சர்ஸ் டே?

இலங்கையில் ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம். செப்டம்பர் கடைசியிலிருந்தே அச்சகத்தில் பதாகை வேலை நிறைந்துவிடும். ஒருமுறை பழைய மாணவர்கள் நாலைந்து பேர் தங்கள் பாடசாலைக்குப் பதாகை அடிக்க வந்தார்கள். அவர்கள் போனில் எழுதிக்கொண்டு வந்தது “ஹெப்பி டீச்சர்’ஸ் டே”. கணினித் திரையில் அதைப் பார்த்துவிட்டு, “தம்பி, எத்தனை டீச்சருக்கு?” என்று கேட்டேன். “என்ன டீச்சர், எல்லாருக்கும்தான்” என்றார் ஒருவர். வடிவமைக்கும் பிள்ளை திரையைப் பெரிதாக்கி, குறியை எஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தாள். பத்தடிப் பதாகை அச்சாகி வெளியே வந்தபோது அந்தக் குறி என் உள்ளங்கை அளவு இருந்தது. ஓர் எழுத்து தூரம்தான் நகர்ந்தது. ஒருவருக்கான வாழ்த்து எல்லாருக்குமான வாழ்த்தாகிவிட்டது.

அன்னையர் தினம் மட்டும் வேறு. “மதர்’ஸ் டே” என்று ஒருமையில்தான் எழுத வேண்டும். அமெரிக்காவில் அந்த நாளைத் தொடக்கிய அன்னா ஜார்விஸ், உலகத்து அம்மாக்கள் எல்லோரையும் சேர்த்து அல்ல, ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மா ஒருத்தியைக் கொண்டாட வேண்டும் என்று நினைத்தார். அதனால் குறியை எஸ்ஸுக்கு முன்னால் வைப்பதில் பிடிவாதமாக நின்றார். “ஃபாதர்’ஸ் டே” அதே வழி.

மக்கள் வங்கியின் பெயரில் மக்கள் பன்மைதானே? ஏன் எஸ்ஸுக்கு முன்னால் குறி?

நல்ல கேள்வி. “பீப்பிள்” என்ற சொல் எஸ் இல்லாமலே பன்மை. சொல் “பீப்பிள்” என்று முடிகிறது, அங்கே குறி, பிறகு எஸ்: “பீப்பிள்’ஸ் பேங்க்”. சில்ரன், விமன், மென் எல்லாம் இதே வகை. ஆகவே சிறுவர் தினம் “சில்ரன்’ஸ் டே”, மகளிர் தினம் “விமன்’ஸ் டே”. இவற்றில் எஸ்ஸுக்குப் பின்னால் குறி வரவே வராது.

இட்ஸ் எப்போது குறியோடு, எப்போது குறி இல்லாமல்?

வேறு எந்தக் கேள்வியும் இவ்வளவு தரம் என்னிடம் வந்ததில்லை. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மட்டக்களப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் பாடும் மீன்களை விடமாட்டார்கள். “மட்டக்களப்பு அதன் பாடும் மீன்களுக்குப் பெயர்போனது” என்ற வசனம் எல்லாக் கொப்பியிலும் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது “அதன்” என்ற இடத்தில் பாதிப் பேர் “இட்’ஸ்” என்று குறியோடு எழுதிவிடுகிறார்கள். அவர்களைப் பிழை சொல்ல மனம் வருவதில்லை. “இன்” வந்தால் குறி என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். “அதன்” என்பதிலும் உடைமைதானே இருக்கிறது?

இங்கேதான் எங்கட பேச்சு கைகொடுக்கும். “எங்கட வீடு”, “உங்கட வளவு”, “என்ட கொப்பி” என்று கதைக்கிறோம். “எங்கட” என்பதற்குள்ளேயே உடைமை வந்துவிட்டது. அதற்கு மேல் “எங்கடயின் வீடு” என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலத்தில் ஹிஸ், ஹேர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ், இட்ஸ் எல்லாம் இந்த “எங்கட” வகைச் சொற்கள். உடைமை உள்ளேயே இருப்பதால் குறி வேண்டாம். பெயர்ச்சொல்லோடு “இன்” ஒட்டும் இடத்தில்தான் குறி. “ஹிஸ்” என்ற சொல்லுக்கு நடுவில் குறி போட யாருக்கும் தோன்றாது. “இட்ஸ்” அதனுடைய தங்கை.

அப்படியானால் “இட்’ஸ்” என்று குறியோடு வருவது? அது “இட் இஸ்” அல்லது “இட் ஹேஸ்” சுருங்கியது மட்டும்தான். வேறு எதுவும் இல்லை. சந்தேகம் வந்தால் விரித்து வாசியுங்கள். “இட்’ஸ் ரெயினிங்” விரித்தால் “இட் இஸ் ரெயினிங்”, மழை பெய்கிறது, சரி. பாடும் மீன் வசனத்தில் விரித்தால் “மட்டக்களப்பு அது இருக்கிறது பாடும் மீன்களுக்குப் பெயர்போனது” என்று உளறலாக நிற்கும். உளறினால் குறியை எடுத்துவிடுங்கள்.

17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் புத்தகங்களில் உடைமை “இட்ஸ்” என்ற சொல்லுக்கும் குறி போட்டு எழுதியிருப்பதைக் காணலாம். குறி போடாத வழக்கம் பிறகுதான் நிலைத்தது. ஆகையால் இதில் தடுமாறும் பிள்ளையை முட்டாள் என்று திட்டாதீர்கள், தயவுசெய்து.

ஹூஸ், யுவர் போன்றவற்றிலும் இதே குழப்பம் வருகிறதே?

விடையும் அதேதான். குறி இருந்தால் சுருக்கம், இல்லாவிட்டால் உடைமை. “ஹூ’ஸ்” என்றால் “ஹூ இஸ்”, யார் அது. யாருடையது என்று கேட்கும் “ஹூஸ்” குறி இல்லாதது, கடைசியில் ஈ எழுத்தோடு முடியும். “யூ’ர்” என்றால் “யூ ஆர்”. “யுவர்” என்றால் உங்கட.

டிட்ன்ட், டோன்ட் இவற்றில் குறி எங்கே?

எழுத்து விழுந்த இடத்தில். “டிட் நொட்” இரண்டும் ஒட்டும்போது விழுவது என்னுக்கும் டீக்கும் நடுவில் இருந்த ஓ. ஆகவே குறி என்னுக்குப் பின்னால்: “டிட்ன்’ட்”. இரண்டு சொல்லும் ஒட்டிய இடத்தில், என்னுக்கு முன்னால், குறியைப் போடுவது பிழை. தமிழில் “வந்துவிட்டான்” என்பதை “வந்திட்டான்” என்று சொல்லும்போதும் எழுத்து விழத்தான் செய்கிறது, ஆனால் நாம் அதற்கு அடையாளம் வைப்பதில்லை. அதனால்தான் நமக்கு இது புதிதாகத் தெரிகிறது.

பேரின் கடைசியிலேயே எஸ் இருந்தால்? தாஸ், பைரூஸ், தோமஸ் மாதிரி.

இரண்டு வழக்கம் உண்டு, இரண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டவை. “தோமஸ்’ஸ் ஷொப்” என்றும் எழுதலாம், “தோமஸ்’ ஷொப்” என்றும் எழுதலாம். நான் முதலாவதைத்தான் படிப்பிக்கிறேன். வாயால் சொல்லும்போது “தோமஸஸ்” என்று இன்னோர் ஒலி வருகிறதே, அதை எழுத்திலும் காட்டுவது நியாயம். ஆனால் ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள். பேருக்குள் இருக்கும் எஸ்ஸை வெட்டிக் குறியை நடுவில் செருகுவது மட்டும் கூடவே கூடாது. தாஸ் என்பவர் “தா” ஆகிவிடுவார்.

லீவுக் கடிதத்தில் “இரண்டு நாள் லீவு” என்று எழுதும்போது குறி வருமா?

வரும். “டூ டேய்ஸ்’ லீவ்”, எஸ்ஸுக்குப் பின்னால். ஒரு நாள் என்றால் “வன் டே’ஸ் லீவ்”. வேலையை விடும்போது கொடுக்கும் இரண்டு கிழமை அறிவித்தல் “டூ வீக்ஸ்’ நோட்டிஸ்”.

இங்கே என் “இன்” சோதனை வேலை செய்யாது. தமிழில் “இரண்டு நாளின் லீவு” என்று நாம் சொல்வதில்லையே. கால அளவு முன்னால் வந்தால் ஆங்கிலம் அதை உடைமை போல நடத்துகிறது. இதைத் தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அரச அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வேலை செய்பவர்கள் வருடம் முழுக்க எழுதும் கடிதம் என்பதால், இதை மட்டுமாவது சரியாகப் பழகுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கலியாணக் கார்டில் மாப்பிள்ளை, பொம்பிளை இரண்டு பேருக்கும் குறி போட வேண்டுமா?

கலியாணம் ஒன்றுதானே. கடைசிப் பெயருக்கு மட்டும் போதும்: “ரவி அன்ட் நிஷா’ஸ் வெடிங்”. இரண்டு பேருக்கும் தனித்தனிப் பொருள் இருந்தால்தான் இரண்டு குறி. ரவியின் சைக்கிளும் நிஷாவின் சைக்கிளும் வேறு வேறு என்றால் “ரவி’ஸ் அன்ட் நிஷா’ஸ் பைசிக்கிள்ஸ்”. கவனியுங்கள், சைக்கிள்களுக்குக் குறி இல்லை.

“9 ஏ” எடுத்த பிள்ளைக்குப் பதாகை அடிக்கும்போது?

ஏ என்ற ஒற்றை எழுத்துக்குப் பின்னால் வெறும் எஸ் போட்டால், இரண்டும் சேர்ந்து வேறு சொல்லாக வாசிக்கப்படும். “ஏஸ்” என்று எழுத நினைத்தது, “போல” என்று பொருள்படும் “அஸ்” என்று கண்ணில் படும். அதனால் தனி எழுத்துகளின் பன்மைக்கு மட்டும் குறி போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது: “9 ஏ’ஸ்”. பன்மைக்குக் குறி இல்லை என்ற விதிக்கு இருக்கும் சின்ன விலக்கு இது. ஆண்டுகளுக்கு அது வேண்டாம். 1990கள் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது எண்ணுக்குப் பின்னால் எஸ் மட்டும்.

ஆண்டின் முன்பாதியை விட்டுவிட்டால் அங்கே குறி வரும். 1978 நவம்பரில் அடித்த சூறாவளியை எங்கட பக்கத்து முதியவர்கள் “எழுபத்தெட்டுச் சூறாவளி” என்றுதான் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதை ’78 என்று எழுதலாம். விழுந்துபோன 19க்குப் பதிலாகக் குறி நிற்கிறது. இந்த இடத்தில் போனும் கணினியும் குறியைத் தலைகீழாக, ஆறு போல, திருப்பிவிடும். அது மேற்கோள் தொடங்கும் அடையாளம். ஒன்பது போல வளைந்திருப்பதுதான் அப்போஸ்ட்ரபி. அச்சுக்குப் போகும் முன் பாருங்கள்.

வெஸ்லி பாடசாலைப் பேரில் குறி இல்லையே, மைக்கல்’ஸுக்கு மட்டும் ஏன்?

பெயர் வைத்தவர்களின் தெரிவு. மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரி ஆங்கிலத்தில் “செயின்ட் மைக்கல்’ஸ்”, மிக்கேலின் கல்லூரி. கல்முனை வெஸ்லி உயர்தரப் பாடசாலையோ வெஸ்லி என்ற பெயரைத் தாங்கிய பாடசாலை. தமிழில் “பாடசாலை வீதி” என்கிறோம். பாடசாலையின் வீதி என்று “இன்” போடுவதில்லை. வேற்றுமைத்தொகை என்று படித்திருப்பீர்கள். உருபு மறைந்து நிற்கிறது. ஆங்கிலத்திலும் “ஸ்கூல் ரோட்”, “ஸ்போர்ட்ஸ் மீட்”, “சேவிங்ஸ் எக்கவுன்ட்” என்று அப்படிப் பல உண்டு. ஒரு நிறுவனம் தன் பெயரை எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுங்கள். திருத்தப் போகாதீர்கள்.

குர்’ஆன் என்று ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் குறி?

அது வேறு வேலை. அரபுச் சொல்லில் தொண்டையில் ஒலி நின்று எழும் இடத்தை அது காட்டுகிறது. சுருக்கமும் இல்லை, உடைமையும் இல்லை. போட்டால் அழகு, போடாமல் எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

வட்ஸ்அப்பில் குறி இல்லாமல்தானே எல்லோரும் எழுதுகிறார்கள்?

நண்பருக்கு எழுதும்போது எழுதுங்கள், ஒன்றும் ஆகாது. ஆனால் சில சொற்களில் குறியை விட்டால் வேறு சொல் வந்துவிடும். “ஐ’ல்”, அதாவது நான் செய்வேன், குறி போனால் நோயாளி என்ற “இல்” ஆகிவிடும். “வீ வில்” சுருங்கிய “வீ’ல்”, நன்றாக என்ற “வெல்” ஆகும். “வீ ஆர்” சுருங்கிய “வீ’ர்”, இருந்தார்கள் என்ற “வேர்” ஆகும். வேலை விண்ணப்பத்திலும் பரீட்சையின் அலுவலகக் கடிதத்திலும் சுருக்கச் சொற்களையே தவிர்த்து, “ஐ வில்”, “டூ நொட்” என்று விரித்து எழுதுங்கள். அங்கே அதுதான் மரியாதை.

இந்தக் குறியே இனித் தேவையில்லை என்கிறார்களே?

சொல்பவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளர் பெர்னாட் ஷா “டோன்ட்”, “வோன்ட்” போன்றவற்றில் குறியை வேண்டுமென்றே விட்டு எழுதினார். அமெரிக்காவில் இடப்பெயர்களைத் தீர்மானிக்கும் அரச சபை 1890இல் தொடங்கியதிலிருந்தே உடைமைக் குறியை அனுமதிப்பது மிக அரிது. இங்கிலாந்தின் வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012இல் தன் பெயரிலிருந்து குறியை எடுத்தது. மறுபக்கம், ஜோன் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் 2001இல் இந்தக் குறியைக் காப்பாற்ற ஒரு சங்கமே தொடங்கினார். 2019இல், 96 வயதில், அறியாமையும் சோம்பலும் வென்றுவிட்டன என்று சொல்லி அதை மூடினார். பிறகு வேறு ஆட்கள் அதை மீண்டும் நடத்த முன்வந்தார்கள்.

என்னைக் கேட்டால், பெயர்ப்பலகையில் குறி போனால் போகட்டும். வசனத்துக்குள் அது இருக்க வேண்டும். ஒரு டீச்சரின் சம்பளமா, எல்லா டீச்சர்மாரின் சம்பளமா என்று வாசிப்பவர் தடுமாறக் கூடாது.

பரீட்சையில் நேரம் இல்லை. கடைசியில் எதைப் பார்ப்பது?

மூன்று நிமிடம் ஒதுக்கி, எஸ்ஸில் முடியும் சொற்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றிலும் “கள்”ளா, “இன்”னா என்று வாய்க்குள் கேளுங்கள். “இட்ஸ்” எங்கே வந்தாலும் “இட் இஸ்” என்று விரித்துப் பாருங்கள். குறி போடவா விடவா என்று கடைசி வரை தெரியாவிட்டால் போடாமல் விடுங்கள். என் மேசைக்கு வரும் தாள்களில், விட்ட குறியை விடத் தேவையில்லாமல் போட்ட குறிதான் அதிகம்.